சித்தியும் கிம்ச்சியும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சு ஆங்காங்கே சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

பின்னாடி காக்கா சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடி ரூம்ல உக்காந்துதான் பேசிட்டிருக்கேன். போன எபிசோட்ல டாக்கர் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு சாப்பாடு.

விஷயம் என்னன்னா, எங்க சித்தி மக, என் தங்கச்சி, பிப்ரவரி கடைசியில தென்கொரியா போறா. தேஜொன்னு ஒரு ஊரு, அங்க மாஸ்டர்ஸ். அங்க கல்வியாண்டு மார்ச்சுல ஆரம்பிக்கும். சித்தப்பா இல்ல. அவ எட்டாவது படிக்கும்போதே போயிட்டாங்க. சித்தி தனியாதான் வளர்த்தாங்க. அட்மிஷன் வந்த நாள்ல இருந்து சித்தி ஃபீஸ் பத்திக் கேக்கல, குளிர் பத்திக் கேக்கல, வட கொரியா பக்கத்துல இருக்கே, அதைக்கூடக் கேக்கல. ஒரே கேள்விதான்: "அங்க இவ என்னத்த திம்பா?"

எங்களோடது சைவக் குடும்பம். திருநெல்வேலிக்காரங்களுக்குப் புரியும், "நாங்க சைவம்"னு சொன்னா அதுல சாப்பாடு, சொந்தம், சொதி எல்லாமே அடக்கம். சித்தி இதுவரைக்கும் முட்டை உடைச்சதே இல்ல. அதனால விசா வேலையா ரெண்டு பேரும் சென்னை வந்தப்போ, சும்மா கூகுள்ல படம் காட்டுறதுக்குப் பதிலா நேரா ஒரு கொரியன் ரெஸ்டாரண்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டேன். அன்னைக்கு என்ன நடந்துச்சுங்கறதுதான் இந்த எபிசோட். கொரிய மேசையில எப்படி உக்காரணும், எப்படிச் சாப்பிடணும்னு கேட்டு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க, அதுவும் இதுக்குள்ளயே வந்துரும். தங்கச்சிகிட்ட அனுமதி வாங்கிட்டுதான் சொல்றேன். சித்திகிட்ட வாங்கல. அதுக்குக் கடைசியில வரேன்.

சென்னையில எதுக்கு இத்தனை கொரியன் ஹோட்டல்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷக் கதை. 1996-ல ஹூண்டாய் இந்தியாவுல கம்பெனி ஆரம்பிச்சு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில ஃபேக்டரி போட்டாங்க. 1998-ல சான்ட்ரோ வந்துச்சு. அவங்களோட உதிரி பாகம் செய்யுற கம்பெனிகளும் வரிசையா வந்துச்சு. 2004-ல நம்ம பாரிஸ் மிட்டாய் கம்பெனியை லொட்டே வாங்கினாங்க. 2007-ல ஸ்ரீபெரும்புதூர்ல சாம்சங். இத்தனை பேர் குடும்பத்தோட வந்தா சாப்பிடணும்ல? அப்படி அவங்களுக்காக அவங்களே ஆரம்பிச்ச கடைகள்தான் முதல்ல வந்தது. நம்ம பசங்க கே-டிராமா பார்த்துட்டு ராமென் தேடிப் போனதெல்லாம் ரொம்பப் பின்னாடி, லாக்டவுன் சமயத்துல.

இப்போ என் சொந்த அவமானத்தைச் சொல்லிடுறேன். நாலு வருஷம் முன்னாடி எங்க டீமுக்கு ஒரு கொரிய கிளையண்ட் இருந்தாங்க. ரிலீஸ் முடிஞ்சதும் டின்னர். நான் அதுவரைக்கும் சாப்ஸ்டிக் புடிச்சது கிடையாது. ரெண்டு வாய் போராடிட்டு, போன் அடிச்சுச்சுன்னு அந்த ரெண்டு குச்சியையும் சோத்துக் கிண்ணத்துல செங்குத்தா நட்டு வச்சுட்டுப் போனை எடுத்தேன். எதிர்ல இருந்த பெரியவர் ஒண்ணுமே சொல்லல. கையை நீட்டி, மெதுவா அந்தக் குச்சிகளை எடுத்து, பக்கத்துல படுக்க வச்சுட்டு பேச்சைத் தொடர்ந்தாரு. மேசையில மத்தவங்க யாரும் என் முகத்தைப் பார்க்கல. ஏதோ தப்புன்னு மட்டும் புரிஞ்சுச்சு.

மறுநாள் ஆபீஸ்ல ஒருத்தர் விளக்கினாரு. அவங்க ஊர்ல முன்னோர்களுக்குச் சாப்பாடு படைக்கிற சடங்குக்கு ஜேசான்னு பேரு. நம்ம திதி மாதிரி. அப்போ செத்தவங்களுக்கு வைக்கிற சோத்துலதான் கரண்டியைச் செங்குத்தா நடுவாங்க. நான் டின்னர்ல உக்காந்து கிட்டத்தட்ட அதையே பண்ணியிருக்கேன். நம்ம ஊர் கல்யாணப் பந்தியில ஒரு வெளிநாட்டுக்காரர் சாப்பிட்டு முடிச்சு இலையை அந்தப் பக்கமா மடிச்சா நமக்கு எப்படி இருக்கும்? துக்க வீட்டு மடிப்பு அது. அவருக்குத் தெரியாது, நாமளும் சொல்ல மாட்டோம், ஆனா பெரிய மாமா முகம் சுருங்கும்ல. அதுதான்.

அதனால அன்னைக்கு சித்தியைக் கூட்டிட்டுப் போகும்போது வாசல்லயே சொல்லிட்டேன்: "சித்தி, குச்சிய சோத்துல நட்டுறாதீங்க." சித்தி கேட்டாங்க: "நான் எதுக்குய்யா குச்சிய தொடப்போறேன்? எனக்குக் கை இருக்குல்லா."

நியாயமான கேள்வி. கொரியாவுல சோத்தைக் கையால சாப்பிடுற வழக்கம் இல்ல. ஆனா ஜப்பான், சீனா மாதிரி சோத்தைக் குச்சியாலதான் சாப்பிடணும்னும் இல்ல. அவங்க மேசையில நீளமான கரண்டி ஒண்ணு, மெட்டல் குச்சி ஒரு ஜோடி, ரெண்டும் சேர்ந்துதான் வரும். சோறும் சூப்பும் கரண்டியால. தொட்டுக்கிறதெல்லாம் குச்சியால. கிண்ணத்தைக் கையில தூக்கி வாய்கிட்ட கொண்டுபோறதும் அங்க பழக்கம் இல்ல, மேசையிலயே இருக்கட்டும். கரண்டியையும் குச்சியையும் ஒரே கையில சேர்த்துப் புடிக்காதீங்க. மேசையில கரண்டி எதுவும் காணோம்னா பதறாதீங்க, மேசைக்கு அடியில ஒரு டிராயர் இருக்கும், அதுக்குள்ள கிடக்கும். இது தெரியாம பத்து நிமிஷம் உக்காந்திருந்த ஆள் உங்க முன்னாடி பேசிட்டிருக்கான்.

உக்காந்த உடனே நாங்க ஆர்டர் பண்ணாமலே சின்னச் சின்னத் தட்டா ஆறேழு வந்துச்சு. கிம்ச்சி, வேகவச்ச பயறு முளை, எள்ளெண்ணெய் விட்ட கீரை, சோயா சாஸ்ல இனிப்பா வத்த வச்ச உருளைக்கிழங்கு, இன்னும் ரெண்டு மூணு. இதுக்குப் பேரு பான்சான். சித்தி என் காதுல, "இது அத்தனைக்கும் காசாய்யா?" இல்ல. தீர்ந்தா திரும்பக் கேக்கலாம், பெரும்பாலும் காசு கிடையாது. நம்ம பந்தியில "இன்னும் கொஞ்சம் கூட்டு வைங்க"ன்னு கேக்குறதுக்கு யாராச்சும் பில் போடுவாங்களா? அதே கணக்கு. இன்னொரு விஷயம், கொரியாவுல ஹோட்டல்காரர் எதையாவது வச்சுட்டு "சர்வீஸ்"னு சொன்னா சர்வீஸ் சார்ஜ்னு பயப்படாதீங்க. நம்ம ஊரு கொசுறுன்னு அர்த்தம். டிப்ஸும் அங்க கிடையாது, வச்சுட்டு வந்தா பின்னாடியே ஓடி வந்து குடுப்பாங்க.

அங்க சோறுக்கு "பாப்"னு பேரு. சாப்பாட்டுக்கும் அதே பேரு. நாம "சோறு தின்னாச்சா"ன்னு கேக்குற மாதிரி, அவங்களும் பார்த்தவுடனே "பாப் மொகொஸ்ஸொயோ?"ன்னு கேப்பாங்க, சாப்பிட்டாச்சான்னு. நலம் விசாரிப்புதான், உடனே மெனுவை ஒப்பிக்க வேண்டாம். இந்த மாதிரி ஒற்றுமையெல்லாம் சொன்ன உடனே கமெண்ட்ல அப்பா, அம்மான்னு வருவீங்கன்னு தெரியும். ஆமா, அங்கயும் ஆப்பா, ஒம்மாதான். ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்கர் 1905-லயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதியிருக்காரு. மொழியியல்காரங்க அந்த உறவை ஏத்துக்கல. குழந்தை முதல்ல உளறுற சத்தம் உலகம் முழுக்க கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் அந்த அயுத்தா இளவரசி கதை. சம்குக் யுசாங்கிற 13-ஆம் நூற்றாண்டு நூல்ல வருது. அயோத்தின்னு சிலர், பொதிகை மலையை ஆண்ட ஆய் வேளிர் நாடுன்னு நம்ம ஆளுங்க சிலர். எனக்கும் தாமிரபரணிக்காரனா ஆசைதான், ஆனா ஆசை ஆதாரம் ஆகாது. விட்டுருவோம்.

சாப்பாட்டுக்கு வரேன். பெரியவங்க கரண்டியை எடுத்த பிறகுதான் மத்தவங்க எடுக்கணும். இது சித்திக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அதுக்கு முன்னாடி யாரு பெரியவங்கன்னு தெரியணும்ல, அதனால கொரியாக்காரங்க அறிமுகமான அஞ்சு நிமிஷத்துல வயசு கேப்பாங்க. அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. நமக்கு நீ, நீங்க மாதிரி அவங்களுக்குப் பேச்சே வயசை வச்சுத்தான் மாறும். முன்னாடியெல்லாம் பிறந்த உடனே ஒரு வயசுன்னு கணக்கு வேற, 2023 ஜூன்லதான் சட்டப்படி உலகக் கணக்குக்கு மாறினாங்க. இவ இப்ப போறா, தப்பிச்சா.

குடுக்கிறதும் வாங்குறதும் ரெண்டு கையால. இங்கதான் நமக்கு ஒரு சிக்கல். நாம பொறந்ததுல இருந்து "எடது கைய நீட்டாத"ன்னு அடி வாங்கி வளர்ந்தவங்க. முதல் டின்னர்ல நான் எடது கையை மடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு ஒத்தக் கையால பெரியவர்கிட்ட கிளாஸை நீட்டினேன். எனக்கு அது மரியாதை, அவங்களுக்கு அது அலட்சியம். தீர்வு சுலபம்: வலது கையால வாங்குங்க, எடது கையை வலது கை முழங்கைக்கோ மணிக்கட்டுக்கோ லேசா அண்டக் குடுங்க. கோயில்ல விபூதி வாங்கும்போது வலது கைக்கு அடியில எடது கையை வைப்போம்ல, கிட்டத்தட்ட அந்த உடம்புமொழிதான். சித்திக்குச் சொன்ன அடுத்த நொடியே வந்துருச்சு, எனக்கு மூணு மாசம் ஆச்சு.

தன் கிளாஸைத் தானே ரொப்பிக்க மாட்டாங்க, பக்கத்துல இருக்கவங்களுக்கு ஊத்துவாங்க, அவங்க நமக்கு ஊத்துவாங்க. பெரியவங்க முன்னாடி சரக்கு அடிக்கிறதா இருந்தா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுக் குடிப்பாங்க. குடிக்காதவங்க சைடர் கேளுங்க. கவலைப்படாதீங்க, அங்க சைடர்னா லெமன் சோடா. அதை வச்சே சியர்ஸ் சொல்லிக்கலாம். மூக்கு சிந்துறது மட்டும் மேசையில வேண்டவே வேண்டாம். அந்தக் காரத்துக்கு மூக்கு ஒழுகத்தான் செய்யும், எந்திரிச்சு வெளிய போயிட்டு வாங்க.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், எச்சில்.

பக்கத்து மேசையில ஒரு கொரியக் குடும்பம். நடுவுல கருங்கல் சட்டியில ஜிகே கொதிச்சுட்டிருக்கு. குழம்புன்னு வச்சுக்கோங்க. அப்பா கரண்டியை விட்டு ஒரு வாய் குடிச்சாரு, அதே கரண்டியைத் திரும்ப விட்டாரு. அம்மாவும். பையனும். சித்தி அதையே பார்த்துட்டிருந்தாங்க. "எய்யா, ஒரே சட்டியிலயா எல்லாரும் எச்சிக் கரண்டிய விடுதாவ?"

சித்தி வீட்டுல பத்து, எச்சில் எல்லாம் கறாரு. ஊறுகாய் ஜாடியில ஈரக் கரண்டி பட்டாலே சண்டை. இதை நான் அசிங்கம்னும் சொல்ல மாட்டேன், நாமதான் சுத்தம்னும் சொல்ல மாட்டேன். அங்க குடும்பத்துக்கு ஒரு வார்த்தை இருக்கு, ஷிக்கு. சாப்பிடுற வாய்கள்னு அர்த்தம். ஒண்ணா வேலை செஞ்சு ஒண்ணா வாழ்றவங்களை, ஒரே பானைச் சோறு தின்னவங்கன்னு சொல்லுவாங்க. சட்டியைப் பகிர்றது அவங்களுக்கு நெருக்கம். நமக்கோ எச்சில் பகிர்றது அம்மா புள்ளைக்குள்ள மட்டும் நடக்கிற விஷயம். ரெண்டும் ரெண்டு கணக்கு. நல்லவேளை, நடைமுறையில வழி இருக்கு. "ஆப்ஜொப்ஸி ஜுசேயோ"ன்னு கேளுங்க. முன்னாடி வச்சுக்கிற சின்னத் தட்டு குடுங்கன்னு அர்த்தம். பொதுக் கரண்டியால அதுல ஊத்திக்கிட்டு தனியா சாப்பிடலாம். கொரோனாவுக்கு அப்புறம் அங்கயே நிறையப் பேர் அப்படித்தான் சாப்பிடுறாங்க. யாரும் வித்தியாசமா பார்க்க மாட்டாங்க. தங்கச்சி இந்த வாக்கியத்தை அன்னைக்கே மனப்பாடம் பண்ணிட்டா.

எங்களுக்குப் பிபிம்பாப் சொன்னோம். முட்டை, கறி ரெண்டும் இல்லாம. சோத்து மேல வட்டமா காய்கறி அடுக்கி, நடுவுல கொச்சுஜாங், அதாவது புளிக்க வச்ச மிளகாய் விழுது. வர்றப்போ ரங்கோலி மாதிரி இருக்கும். அதைப் பார்த்துட்டு அப்படியே ஓரத்துல இருந்து நோண்டாதீங்க. எல்லாத்தையும் போட்டுப் பெசஞ்சாதான் சாப்பாடு. சித்தி ஒரு வாய் சாப்பிட்டுட்டு சொன்னாங்க: "கூட்டாஞ்சோறுதான். முருங்கக்கீரையும் பெருங்காயமும் இல்ல, அவ்வளவுதான்." அதுவரைக்கும் எல்லாமே நல்லாத்தான் போச்சு.

தங்கச்சி சாதாரணமா குச்சியை எடுத்தா, ஒரு துண்டு கிம்ச்சியைப் புடிச்சா, சாப்பிட்டா. எனக்கு அப்போதான் உறைச்சுச்சு. கடை நடத்துற கொரிய அம்மா பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. எங்க அம்மாவை விட மூத்தவங்க. கடைத் தமிழ் பேசுவாங்க. நான் கிம்ச்சியைக் காட்டி, "இதுல மீன் ஏதாவது?"ன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டே, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமா விரிச்சுக் காட்டி, "சின்ன எறா" அப்படின்னாங்க.

இதை விவரமா சொல்லணும், ஏன்னா அங்க போற சைவக்காரங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். கிம்ச்சிங்கறது முட்டைக்கோஸ், பார்க்க சைவம்னு நினைப்போம். வழக்கமான கிம்ச்சியில உப்புல ஊற வச்ச குட்டி இறாலோ மீன் சாஸோ சேர்ப்பாங்க. அதுதான் அந்த ஆழமான ருசிக்குக் காரணம். அதே மாதிரி தென்ஜாங் ஜிகே, சோயா விழுதுல செய்யுற குழம்பு. டோஃபு, சுரைக்காய் மாதிரி ஒண்ணு மிதக்கும். ஆனா அடியில தண்ணிக்குப் பதிலா நெத்திலி கொதிக்க வச்ச சாறு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். தொக்பொக்கியிலயும் அப்படித்தான், மீன் கேக்கும் கிடக்கும். "கொகி பேகோ ஜுசேயோ", கறி இல்லாம குடுங்கன்னு சொன்னா கறியை மட்டும் எடுத்துருவாங்க. நெத்திலி அவங்க கணக்குல கறி இல்ல, ஹாம்கூட சில இடத்துல தப்பிச்சு வந்துரும். அதனால தனித்தனியா கேளுங்க. நெத்திலிக்கு மியொல்ச்சி, மீன் சாஸுக்கு ஏக்ஜொத், உப்பு இறாலுக்கு செவுஜொத். இந்த மூணு வார்த்தையும் போன்ல கொரிய எழுத்துல எழுதி வச்சுக்கோங்க, உச்சரிப்பை நம்பாதீங்க.

நம்பிச் சாப்பிடக்கூடியதும் இருக்கு. கோடையில வர்ற கொங்குக்சு, சோயாப் பாலுல குளிர்ந்த நூடுல்ஸ். பரங்கிக்காய்க் கஞ்சி, சிவப்புப் பயறுக் கஞ்சி. பிபிம்பாப், சொல்லி வாங்கினா. எல்லாத்துக்கும் மேல கோயில் சாப்பாடு. அங்க புத்த மடங்கள்ல கறி, மீன் கிடையாது, பூண்டு வெங்காய வகைகளும் கிடையாது. விலக்க வேண்டிய அஞ்சு வாசனைப் பொருள்ல அஞ்சாவது பெருங்காயம்னு சொல்றாங்க, அதைக் கேட்டா சித்தி மடத்துப் பக்கமே போக மாட்டாங்க. மடத்துல சாப்பிட்டு முடிச்சதும் கிண்ணத்துல தண்ணி ஊத்தி, ஒரு பருக்கை விடாம அலசி, அதையும் குடிச்சுருவாங்க. சோல்ல சோக்யே பௌத்த அமைப்பே நடத்துற பால்வூ கொங்யாங்னு ஒரு ரெஸ்டாரண்ட் இருக்கு. மாணவங்க பர்ஸுக்கு ஒத்து வராது, அம்மா வந்தா ஒரு நாள் போகலாம். மேலப்பாளையத்துல இருந்து ஒரு நண்பர் ஹலால் பத்திக் கேட்டிருந்தாரு. சோல்ல இடேவொன் பகுதியில 1976-ல திறந்த பெரிய பள்ளிவாசல் இருக்கு, அதைச் சுத்தி ஹலால் கடைகள் இருக்கு. மத்த இடத்துல த்வேஜிகொகிங்கிற வார்த்தையைத் தெரிஞ்சுக்கோங்க, பன்னிக்கறி.

சரி, அன்னைக்கு மேசைக்கு வரேன். "சின்ன எறா"ன்னதும் சித்தி கை நின்னுருச்சு. நான் தங்கச்சியைப் பார்த்தேன், அவ துப்புவா, தண்ணி குடிப்பா, அய்யோன்னு சொல்லுவான்னு நினைச்சேன். அவ மென்னு முழுங்கிட்டு, தலை குனிஞ்சபடியே சொன்னா: "தெரியும்மா."

எனக்கும் அது புதுசு. ஹாஸ்டல்ல மூணு வருஷமா முட்டை சாப்பிடுறா. அப்புறம் சிக்கன். கொரியா போறதா முடிவான பிறகு, அங்க போய் முதல் தடவையா திணறக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா பழகிக்கிட்டிருக்கா. பட்டியல் போட்டு. எஞ்சினியர் பொண்ணு.

சித்தி திட்டல. பிபிம்பாப்பை முழுசா சாப்பிட்டு முடிச்சாங்க. கிம்ச்சித் தட்டை மட்டும் ரெண்டு விரலால என் பக்கம் நகர்த்தி வச்சாங்க. அந்தக் கடை அம்மாவுக்கு என்ன புரிஞ்சுச்சோ, உருளைக்கிழங்கு இன்னொரு தட்டு கொண்டு வந்து சித்தி முன்னாடி வச்சு, வயசு கேட்டாங்க. சித்தி சொன்னதும், தன்னைக் காட்டி விரல் விட்டு எண்ணி, தான் ஏழு வயசு மூத்தவங்கன்னு சிரிச்சாங்க. கொரியாவுல கடையில வேலை பார்க்கிற நடுத்தர வயசு அம்மாக்களை "இமோ"ன்னு கூப்பிடுவாங்க. அம்மாவோட கூடப்பிறந்தவங்கன்னு அர்த்தம். அதாவது சித்தி, பெரியம்மா. நாம டீக்கடையில அண்ணாச்சின்னு கூப்பிடுற மாதிரி. அதைச் சொல்லி மேசையைக் கொஞ்சம் இளக வைக்கலாம்னு பார்த்தேன். சித்தி "ஓ" அப்படின்னாங்க. அவ்வளவுதான். எந்திரிக்கும்போது தங்கச்சி அந்த அம்மாகிட்ட "ஜால் மொகொஸ்ஸும்னிதா"ன்னு சொன்னா, நல்லா சாப்பிட்டோம்னு. அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எங்க மூணு பேருக்கும் இல்ல.

மறுநாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். நானும் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். தாம்பரம் தாண்டினதும் சித்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க. மிளகாப்பொடி தடவி நல்லெண்ணெய் விட்ட இட்லி. தங்கச்சி கையில ரெண்டு வச்சாங்க. அப்புறம்தான் பேச்சு.

"மூணு வருஷமாவா?"

"ம்."

"ஒரு வார்த்த சொல்லலாம்லா."

"சொன்னா அழுவ."

"அழுதுட்டுப் போறேன், அது எம்பாடு. ஏட்டி, நீ அங்க போயி காய்ச்சல்ல கெடந்தாலும் இப்பிடித்தான் நான் அழுவேன்னுட்டு சொல்லாம இருப்பியோ?"

அவ பதில் சொல்லல. சாப்பிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு சித்தி என் பக்கம் திரும்பி, "நீயும் மெட்ராஸ்ல..."ன்னு ஆரம்பிச்சாங்க. நான் நடு பெர்த்ல கண்ணை மூடிப் படுத்துட்டேன். தூங்கல. சித்தி, இந்த எபிசோடை நீங்க கேப்பீங்கன்னு தெரியும், தங்கச்சிதான் உங்களுக்குப் போட்டுக் காட்டுறா. ஆமா சித்தி. நானும்தான். ஆறு வருஷமா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், ஒரு வாரம் டைம் குடுங்க.

எனக்கு அவ கறி சாப்பிடுறது ஒரு பிரச்சனையே இல்ல. அது அவ நாக்கு, அவ முடிவு. ஆனா சித்தி கேட்ட கேள்விக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல. அந்தப் பயம் சாப்பாடு பத்தினதே இல்லன்னு எனக்கு ரயில்லதான் புரிஞ்சுச்சு. சித்தி அதுக்கப்புறம் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அங்க யாரு கூட உக்காந்து சாப்பிடுவா?" உண்மையைச் சொல்லணும்னா, நிறைய நாள் தனியாத்தான். கொரியாவுல தனியா சாப்பிடுறதுக்கே "ஹொன்பாப்"னு ஒரு வார்த்தை வந்துருச்சு. மேசையில தடுப்பு வச்ச ஒத்த ஆள் கடைகள் எல்லாம் இருக்கு. ஆனா கறி சுடுற கடைகள்ல பல இடத்துல குறைஞ்சது ரெண்டு ஆள் சாப்பாடு வாங்கினாதான் அடுப்பே மூட்டுவாங்க. தனியாப் போனா திருப்பி அனுப்பிருவாங்க. போற புதுசுல இது மனசைக் குத்தும். உங்களை வேண்டாம்னு சொல்லல, கடைக் கணக்கு அது. யுனிவர்சிட்டி கேண்டீன்ல இந்தத் தொந்தரவு கிடையாது, விலையும் கம்மி.

ஊருக்கு வந்த மூணாவது நாள் சித்தி என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கோசு எப்பிடிப் போடுதாவ, எறா இல்லாம?"ன்னு கேட்டாங்க. மடத்துக் கிம்ச்சி முறையைத் தேடி எடுத்துக் குடுத்தேன். இறாலுக்குப் பதிலா சோயா சாஸும் உப்பும். சீன முட்டைக்கோஸ் இங்க கிடைக்கல, சாதாக் கோஸ்தான். உப்புப் போட்டு நாலு மணி நேரம் ஊற வச்சு, அலசிப் புழிஞ்சு, அரிசிக் கஞ்சியில மிளகாயும் இஞ்சியும் குழைச்சுத் தடவணும். மடத்துல பூண்டு சேர்க்க மாட்டாங்க, சித்தி சேர்த்தாங்க. "நான் என்ன மடத்துலயா இருக்கேன்?"

முதல் தடவை வீட்டு மிளகாப்பொடி போட்டோம். வாயில வைக்க முடியல. கொரிய மிளகாய்த்தூள் கரகரப்பா, நிறம் தூக்கலா, காரம் மட்டா இருக்கும். கிடைக்கலன்னா காஷ்மீர் மிளகாய் போடுங்க. ரெண்டாவது தப்பு, நம்ம வெயிலை மறந்துட்டோம். அங்க குளிர்காலத்துக்கு முன்னாடி ஊரே சேர்ந்து கிம்ச்சி போடுவாங்க, கிம்ஜாங்னு பேரு. 2013-ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேர்த்தாச்சு. போட்டதை மாசக்கணக்கா மெதுவா புளிக்க விடுவாங்க, இப்போ அதுக்குன்னே வீட்டுல தனி ஃப்ரிட்ஜ் வச்சிருக்காங்க. பாளையங்கோட்டையில ஒரே நாள் வெளிய வச்சோம், பழைய சோத்துத் தண்ணியை விடப் புளிச்சுப் போச்சு. மூணாவது தடவை எட்டு மணி நேரம் வெளிய, அப்புறம் ஃப்ரிட்ஜ். அது நல்லா வந்துச்சு. தங்கச்சி சாப்பிட்டுப் பார்த்து, கடையில சாப்பிட்ட மாதிரி இல்லன்னா. சித்தி, "எறா இல்லல்லா, பின்ன எப்பிடி இருக்கும்?"னு கேட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சாங்க, ரயிலுக்கு அப்புறம் முதல் தடவையா.

சூட்கேஸ்ல இப்போதைக்கு மிளகாப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, ரெண்டு டப்பா பெருங்காயம். விதை, பழம், செடி மாதிரி எது கொண்டு போனாலும் அங்க ஏர்போர்ட்ல சொல்லியாகணும், அதனால அதெல்லாம் வேண்டாம்னுட்டோம். அல்வா பத்தி விவாதம் இன்னும் முடியல, சித்தி ஒரு கிலோங்கிறாங்க, இவ கால் கிலோ போதுங்கிறா. தேஜொன்ல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது கேட்டுட்டிருந்தா, தேங்காய்ப் பால் எங்க கிடைக்கும்னு மட்டும் எழுதுங்க. சொதி வைக்கணுமாம்.

அடுத்த வாரம் கண்டிப்பா டாக்கர். இப்போ கீழ இருந்து சித்தி கூப்பிடுறாங்க, எங்க ரெண்டு வீடும் ஒரே காம்பவுண்டுதான். நாலாவது டப்பா மூடி தெறிச்சுருச்சாம். வரேன் மக்களே.